சுத்தமாக வீடு திரும்பும் மனிதர்

வெளிநாட்டில் படிக்கும் உங்கள் வீட்டுப் பெண் சின்ன விடுமுறைக்கு வருகிறாள் என்றால், அவள் கண்ணில் படக்கூடாது என்று முதலில் எதை எடுத்து ஒளித்து வைப்பீர்கள்?

பாப்பாவின் வீட்டில் மாத்திரை டப்பாவை ஒளித்து வைத்தார்கள். ஒளித்த இடம்தான் சரியில்லை. அலமாரியின் மேல்தட்டில், போர்வைக்குப் பின்னால். வந்த அன்று மதியமே படுக்கலாம் என்று போர்வையை இழுத்தாள். டப்பா அவள் தலையில் விழுந்து வாய் திறந்தது.

"யாருக்கு இத்தனை மாத்திரை?"

அம்மா அடுப்பைப் பார்த்தாள். இடுப்பில் குழந்தையோடு அண்ணி அம்மாவைப் பார்த்தாள். அண்ணன்தான் சிரித்தான்.

"எனக்குத்தான் பாப்பா. வந்ததும் வராததுமா போலீஸ் மாதிரி சோதனை போடுறியே."

"எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?"

"யாரு ஒளிச்சா? எடுத்து வச்சோம்," என்றாள் அம்மா. "பரீட்சை நேரத்துல உன் மனசைக் கெடுக்க வேண்டாம்னு சொல்லல. நெஞ்சுல ஏதோ கிருமியாம். மாத்திரை முடியப் போகுது. விட்டுரு."

பொய்யைப் பொய் என்று சொல்ல முடியாத அளவுக்கு அதில் பாசம் கலந்திருந்தது. இப்படிப்பட்ட பாசத்தால் செத்தவர்களின் கணக்கை யாரும் எடுத்ததில்லை.

அண்ணன் கல் அறுக்கிறவன். சமையலறை மேடைக்குப் போடுகிற பளபளப்பான பலகைக் கல்லை அளவுக்கு அறுத்து, சிங்க் உட்கார ஓட்டை போட்டு, ஓரத்தை வழவழப்பாக்கித் தரும் பட்டறையில் மீசை முளைக்கும் முன்பே சேர்ந்தவன். சிங்க் ஓட்டையின் நான்கு மூலையும் சில்லுப் பெயராமல் வர வேண்டுமென்றால் அந்த வட்டாரத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதைவிட அவனுக்குப் பெருமை தந்தது வேறொன்று. வேலை முடிந்து வருகிறபோது அவன் சட்டையில் ஒரு துளி தூசி இருக்காது. "உன் வீட்டுக்காரர் பட்டறையில இருந்து வர்றாரா, பேங்க்ல இருந்து வர்றாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரி அண்ணியைக் கேட்பாள். அண்ணி அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

பாப்பா படிப்பதும் கல்லைத்தான். நிலவியல். பாறையைச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிற படிப்பு. பழைய பள்ளித் தோழர்கள்கூட அவளுக்குப் பாறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "நீ கல்லைப் படிக்கிற, நான் கல்லை அறுக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே லைன்தான்," என்று வீடியோ அழைப்பில் ஒவ்வொரு முறையும் அண்ணன் சொல்வான். ஒவ்வொரு முறையும் அவளும் சிரிப்பாள். எந்தக் கல் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. பள்ளித் தோழன் ஒல்லி அவளைப் பார்க்க வந்தான். அண்ணனின் பட்டறையில்தான் அவனும் ஓரம் தேய்க்கும் வேலையில் இருந்தான். பெயருக்குத் துரோகம் செய்யாமல் இன்னும் கொடிக்கம்பி மாதிரியே இருந்தான்.

"என்ன பாறை, அங்க போயும் உருகலையா நீ?"

"நீ காத்துல பறக்காம இருக்கியே, அதுவே பெரிசு."

"பையில கல்லு போட்டுக்கிட்டு நடக்குறேன்ல."

எல்லோருமாகத் தேநீர் குடிக்கக் கிளம்பினார்கள். கடை மாடியில் இருந்தது. பாதிப் படியில் அண்ணன் நின்று, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தான். போனில் எதுவும் வந்திருக்கவில்லை. திரையே எரியவில்லை. மூச்சு திரும்பும் வரை இருட்டுத் திரையைப் படித்துவிட்டு மேலே ஏறினான். அண்ணியும் ஒல்லியும் திரும்பிப் பார்க்காமல் ஏறினார்கள். திரும்பிப் பார்க்காமலிருக்கப் பழகியிருந்தார்கள் என்பது அப்போதுதான் பாப்பாவுக்குப் புரிந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் போவதாக இருந்தது. அண்ணனை அழைத்து வர அவளே பட்டறைக்குப் போனாள்.

தகரக் கூரை, ஒரே ஒரு ஜன்னல், அதையும் அடைத்துக்கொண்டு அடுக்கிய பலகைகள். உள்ளே மூடுபனி மாதிரி வெள்ளையாக இருந்தது. மூன்று பேர் மூன்று மேசையில் நின்றார்கள். யார் யார் என்று தெரியவில்லை. வாயில் கட்டியிருந்த கைக்குட்டையை வைத்து அண்ணனை அடையாளம் கண்டாள். அது அண்ணி தைத்துக் கொடுத்தது. அறுக்கும் கத்தியின் தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய் இருந்தது. மூடியிருந்தது.

"தண்ணி ஏன் விடல?"

"விட்டா பென்சில் கோடு அழிஞ்சிரும் பாப்பா. அப்புறம் ஈரத்துல பசை பிடிக்காது, காயுற வரைக்கும் உக்காந்திருக்கணும். அவசர ஆர்டருக்கு எவன் தண்ணி விடுவான்?"

எல்லா ஆர்டரும் அவசர ஆர்டர்தான்.

கீழே கிடந்த சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மலையில் வெட்டிய கல் அல்ல. படிகக் கல்லைப் பொடி செய்து, பிசின் ஊற்றி, அச்சில் அழுத்திச் செய்த கல். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிலிகா, தூளாக மூச்சில் போனால் நுரையீரலைத் தழும்பாக்கும் பொருள். அவளுடைய பல்கலைக்கழகத்தில் கட்டைவிரல் அளவுக் கல்லை அறுப்பதற்குக்கூடத் தண்ணீர் ஓட வேண்டும், காற்றை உறிஞ்சும் குழாய் ஓட வேண்டும், முகமூடி மாட்டியிருக்க வேண்டும். மாட்டாதவரை அறைக்குள் விட மாட்டார்கள். அங்கே ஒரு மாணவிக்குச் செய்கிற மரியாதையை இங்கே மூன்று தொழிலாளிகளுக்குச் செய்ய ஒரு குழாயைத் திருகினால் போதும்.

வேலை முடிந்தது. இனிமேல்தான் அவள் வாழ்நாளெல்லாம் மறக்க முடியாததைப் பார்த்தாள். ஒல்லி காற்றுக் குழாயைக் கையில் எடுத்தான். அண்ணன் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். தலை, காது, கழுத்து, சட்டைப் பை என்று ஒல்லி சீறச் சீறக் காற்றடித்தான். நாள் முழுக்கப் படிந்ததெல்லாம் ஒரே மூச்சில் எழும்பி முகத்தைச் சுற்றிக்கொண்டது. கூச்சம் தாங்காமல் அண்ணன் சிரித்தான். சிரித்து முடிக்குமுன் இருமினான். பிறகு குழாயை வாங்கி ஒல்லிக்கு அடித்தான். மேகம் அடங்கியபோது இருவரும் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி பளிச்சென்று நின்றார்கள்.

"தூசியை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதில்ல," என்றான் அண்ணன். "பிள்ளை இருக்கிற வீடு."

சட்டையிலிருந்த தூசி வீட்டுக்குப் போகவில்லை. மார்புக்குள் போனது.

வாசலில் மூன்று டம்ளர் பால் தயாராக இருந்தது. முதலாளியின் ஏற்பாடு. பால் தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பால் போவது வயிற்றுக்கு, தூசி போவது நுரையீரலுக்கு. இரண்டு பாதையும் தொண்டையிலேயே பிரிந்துவிடுகின்றன. பள்ளிக்கூடப் படத்தில் இருக்கிறது. எல்லோரும் பார்த்த படம், எல்லோரும் மதிப்பெண் வாங்கிய படம்.

கடைத்தெருவுக்கு யாரும் போகவில்லை. மறுநாள் அண்ணனைப் பெரிய மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "மாத்திரை முடியப் போகுது, அதுக்குள்ள இவ வேற," என்று முனகிக்கொண்டே வந்தான். நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டினார். பிறகு, இதுவரை எந்த டாக்டரும் அண்ணனிடம் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கல்லு அறுக்கிறேன் சார்."

"தண்ணி விட்டா, விடாமலா?"

அண்ணன் பாப்பாவைப் பார்த்தான்.

அந்த மாத்திரையெல்லாம் காசநோய்க்கு. ஆனால் காசநோயே இல்லை. கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ். இல்லாத நோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிக்கொண்டு, இருக்கிற நோயைத் தினமும் சாயங்காலம் காற்றடித்து ஊட்டியிருக்கிறான். இனி நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். தூசியை இன்றே நிறுத்தினாலும் நோய் அதன்பாட்டில் நடக்கலாம், நிறுத்தாவிட்டால் ஓடும்.

பேருந்தில் ஜன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் கேட்டான்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"உண்மையைத்தான்."

"அவ மாத்திரை முடியட்டும்னு நாளை எண்ணிக்கிட்டிருக்கா பாப்பா."

வீட்டில் சொன்னபோது அம்மா அழவில்லை. "தலையெழுத்து," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். தலையெழுத்தாம். குழாயை மூடிய கைக்குப் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது. தலையெழுத்து என்று சொன்ன மாத்திரத்தில் அந்தக் கை கழுவிவிடப்படுகிறது. பாப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே முதலாளியிடம் போனாள்.

முதலாளி கெட்டவர் மாதிரி இருக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"அவன் எனக்குத் தம்பி மாதிரிம்மா. ஒரு நாள் பால் நிறுத்தியிருப்பேனா, கேட்டுப் பாரு."

"பாலை நிறுத்துங்க. தண்ணியை விடுங்க. காத்தடிக்கிறதை இன்னிக்கே நிறுத்துங்க. மூச்சுக்கு நல்ல முகமூடி வாங்கிக் குடுங்க."

"பக்கத்துப் பட்டறைக்காரன் தண்ணி விடுறானா? நான் மட்டும் விட்டா ஆர்டர் பூரா அவன்கிட்டப் போயிரும். என்னையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு." கொஞ்சம் யோசித்தார். "பிள்ளை படிச்சிட்டு வந்து சொல்றே. உன் பேச்சைத் தட்டல. அவன் இனிமே தூசியில நிக்க வேண்டாம். நான் பாத்துக்கிறேன்."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முதலாளி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். மறுநாள் காலை பட்டறைக்குப் போன அண்ணனை, ஓய்வெடு என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பினார். அவனுடைய கத்தியில் ஒல்லியை நிறுத்தினார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் சட்டை வழக்கம்போல் சுத்தமாக இருந்தது. இன்று காற்றடிக்க வேண்டியிருக்கவில்லை.

"சந்தோஷமா?" என்றான்.

"அண்ணா, நான் அதுக்காகச் சொல்லல."

"எனக்கு வேற என்ன தெரியும் பாப்பா? மூட்டை தூக்கச் சொன்னா மூச்சு விடாது. வாட்ச்மேனா நிக்கச் சொன்னா ராத்திரி முழுக்க இருமி, எங்க நிக்கிறேன்னு திருடனுக்கு நானே சொல்லிருவேன்." அந்த நேரத்திலும் அவனுக்கு வேடிக்கையாகப் பேச வந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "நீ ஊருக்குப் போயிருவ. நான் இந்தப் படியில உக்காந்திருப்பேன்."

அண்ணி உள்ளேயிருந்து, "அவளை ஏன் சொல்றீங்க?" என்றாள். ஆனால் அந்தக் குரலும் முன்பு மாதிரி இல்லை.

அன்று மாலை ஒல்லியைத் தேடிப் போனாள். கத்தியில் நின்றால் கூலி கூட. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். அவன் முகத்தில் வெட்கமும் மகிழ்ச்சியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

"நான் வேண்டாம்னு சொன்னா இன்னொருத்தன் நிப்பான், பாறை. அவனை உனக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

"அண்ணனோட படத்தை உனக்குக் காட்டட்டுமா?"

"வேண்டாம். பாத்துட்டா கை நடுங்கும். மூலை சில்லு பெயர்ந்துரும்."

"குழாயையாவது திறந்து விட்டுக்கோ. கெஞ்சிக் கேக்குறேன்."

"சரி."

விடுமுறை முடிந்தது. அம்மா பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே, "பரீட்சை நல்லா எழுது. இங்கத்ததை நினைச்சுக்கிட்டே இருக்காத," என்றாள். அண்ணன் வாசல் வரை வந்தான். பெட்டியைத் தூக்கப் போனான். இரண்டடி நகர்த்திவிட்டுக் கீழே வைத்தான். அவள் எடுத்துக்கொண்டாள். அவன் கை சும்மா தொங்கியது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"போயிட்டு வா பாப்பா. நாங்க ஒண்ணும் ஒளிக்க மாட்டோம்," என்றான். அவள் நம்பவில்லை. அவனும் நம்புவாள் என்று எதிர்பார்த்துச் சொல்லவில்லை.

விமான நிலையத்துக்குப் போகும் வாடகைக் காரைப் பட்டறை வாசலில் நிறுத்தச் சொன்னாள். ஒல்லி கத்தியின் முன் நின்றான். இமை, புருவம், உதட்டோரம் எல்லாம் வெள்ளை. நாடகத்தில் கிழவன் வேடம் போட்டவன் மாதிரி இருந்தான். அவளைக் கண்டதும் அவசரமாகக் குழாயைத் திருகினான். தண்ணீர் கொட்டியது. கத்தியின் கூச்சல் அடங்கி, களகளவென்று வேறு சத்தமாக மாறியது. தரையில் சேறு ஓடியது. வெள்ளை மேகம் மெல்லத் தாழ்ந்தது. எதிர்ச் சுவர் தெரிந்தது. அவ்வளவு சுலபம். ஒல்லி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் கையசைத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

கார் தெருமுனையில் திரும்பும்போது ஜன்னலை இறக்கிக் காது கொடுத்தாள். களகளப்பு நின்றிருந்தது. கத்தி மறுபடியும் வறட்டுத் தொண்டையில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

அவள் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. விமானம் காத்திருக்காது. ஒரு விருந்தாளியால் எத்தனை நாள் அந்தக் குழாயின் பக்கத்தில் நிற்க முடியும்?

நீங்கள் விருந்தாளி இல்லை. நீங்கள் அந்தக் கல்லை வாங்குகிறவர். பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவீர்கள் என்றுதான் அந்த முதலாளி பயப்படுகிறார். உங்கள் வீட்டுக்குக் கல் போடச் சொல்லுமுன் கடையின் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடாமல் பின்னால் இருக்கும் பட்டறைக்குப் போங்கள். கத்தியின் மேல் தண்ணீர் ஓடவில்லையென்றால் இந்தக் கல் எனக்கு வேண்டாம் என்று உரக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பட்டறையிலும் போய் அதையே சொல்லுங்கள். அவர்கள் குழாயைத் திறந்ததும் கிளம்பிவிடாதீர்கள். தெருமுனை வரை நடந்து போய், நின்று, காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் மாறினால் திரும்பி வாருங்கள்.