அணையில் கழற்றிய செருப்பு

சுற்றுலா வான் வந்து நின்று ஆட்கள் இறங்கும்போது வின்சன்ற் முகங்களைப் பார்ப்பதில்லை, கால்களைப் பார்க்கிறார். யார் என்ன செருப்புப் போட்டிருக்கிறார்கள் என்று மனதில் பதித்த பிறகுதான் அவர் வாயிலிருந்து வணக்கம் வரும். கடல்நீரேரியை ஒட்டிய இந்தப் பறவைகள் சரணாலயத்தின் காவலாளர் அவர், குருநகர் ஆள்.

பூநாரை பார்க்க வருகிறவர்களுக்கு அவர் முதலில் காட்டுவது, நடந்து போகும் மண் அணைக்கு இரண்டு பக்கமும் கிடக்கும் சேற்றை. "அணையை விட்டு இறங்காதேங்கோ. மேலை காய்ஞ்ச மாதிரித்தான் கிடக்கும், உள்ளை கூழ்," என்பார். கூழ் என்றதும் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை. ஒரு கார்த்திகை மழைக்குப் பிறகு மாடொன்று அதில் இறங்கிவிட்டது. கயிறும் ஆட்களுமாக அவர் ஓடி வந்தபோது கொம்பு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. அன்று பிடித்த பயம் இன்னும் அவரை விடவில்லை. நாய்களைக் கலைக்கும்போதும், சொப்பிங் பை பொறுக்கும்போதும், பறவைகள் முட்டையிடும் பக்கத்துப் பாதையை அடைக்கும்போதும் ஒரு கண் அணையில்தான் இருக்கும்.

அடுத்த கோடையில் சேறு இறுகிக் கிடந்தபோது, புதையும் இடங்களில் கதியால் தடிகளை நட்டு, தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று சிவப்புத் துணி கட்டினார். நல்ல கெட்டித்தனம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். மாதா கோயிலில் வளர்ந்த மனிதருக்கு, அந்தத் துணிக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது தோன்றவில்லை.

போன தையில் அளவெட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்க, செல்வநாயகி அம்மா செருப்பை அணையில் சோடியாகக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பையில் மிஞ்சியிருந்த கற்பூரத்தோடு இறங்கி நடந்தார். வெட்டவெளியில் நட்ட தடியில் சிவப்புத் துணி கண்டால் அவருக்கு அது வைரவர்தான். வின்சன்ற் காணும்போது முழங்கால்வரை சேறு. கத்தினால் அம்மா பதறுவார், பதறினால் இன்னும் தாழ்வார்.

"அசையாமல் நில்லுங்கோ அம்மா. நான் வாறன்."

பறவை பார்க்கும் குடிலுக்குள் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த நீள மர வாங்கை இழுத்து வந்து, கவிழ்த்துச் சேற்றில் தள்ளி, அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தார். மாட்டின் கொம்பு கண்ணுக்குள் நின்றது. அம்மாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்து, வாங்கின்மேல் இழுத்து அணையில் ஏற்றியபோதும் கற்பூரம் அம்மாவின் கையிலேயே இருந்தது.

"உது வைரவரில்லையம்மா. நான்தான் கட்டினனான்."

"ஆர் கட்டினால் என்ன தம்பி, கட்டிக் கிடக்கெல்லே?"

சேற்றைவிட அந்தப் பதில்தான் அவரை நடுங்க வைத்தது. காவலுக்கு வைத்த துணியே ஆளைக் கூப்பிட்டிருக்கிறது. அன்று பின்னேரமே வாங்கில் ஊர்ந்து துணிகளை அவிழ்த்தார். ஒவ்வொரு கதியாலிலும் அறுந்த பழைய செருப்பொன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டார். செருப்புத் தொங்கும் தடியைக் கும்பிட ஒருவரும் வரமாட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் இறங்கவுமில்லை. என்றாலும் கடைசி வான் போனபின் அணை முழுவதும் ஒருமுறை நடந்து பார்க்காமல் அவர் வீட்டுக்குப் போவதில்லை.

நேற்றுக் கடைசி வான் போனபின் அணையோரத்தில் ஒரு சோடிச் சின்னச் செருப்புக் கிடந்தது. தூங்கிப்போன பிள்ளையைத் தாய் தோளில் போட்டுக்கொண்டு வானில் ஏறியதை அவரே கண்டவர். செருப்பை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. வின்சன்ற் சேற்றுப் பக்கம் திரும்பவில்லை. மெல்லக் குந்தியிருந்து, அந்தச் செருப்புக்குள் உள்ளங்கையை வைத்து, இப்போதுதான் கழற்றிய காலின் சூடு இருக்கிறதா என்று பார்த்தார்.