காஜாக்காரம்மா ஸ்கூட்டர் பழகிய கதை

காஜாக்காரம்மாவுக்குக் கடவுள்மேல் இருந்த நம்பிக்கை ஸ்கூட்டர்மேல் கிடையாது. தையற்கடைகளிலிருந்து வரும் சட்டைகளுக்குப் பட்டன் துளை தைப்பதுதான் அவர் பிழைப்பு. உட்கார்ந்த இடத்தில் ஊசியோடு முடிகிற வேலை. ஓடுகிற எதுவும் அவருக்கு ஆகாது. வீட்டுக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் வழி முழுக்கக் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே போவார். கடவுளுக்கு வேறு வேலை இருக்காதா என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்கும் கடவுளுக்கும் அவ்வளவு பழக்கமில்லை.

வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். தன் கைக்கு மசியாத பூட்டே இல்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்த மனிதர், ஒருநாள் காலையில் சட்டை மாட்டும்போதே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சும் குழறியது. கால் தேறிவிடும், கைக்குத்தான் விடாமல் பயிற்சி வேண்டும், இந்தச் சில மாதங்களை விட்டால் கை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பயிற்சி கொடுக்கிற இடமோ ஊரின் மறுகோடியில். பஸ் படி ஏற அவரால் முடியாது. காஜாக்காரம்மாவின் தம்பிதான் ஸ்கூட்டரில் வைத்து அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கும் வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது.

அன்று காஜாக்காரம்மா கடவுளிடம் கொஞ்சம் கறாராகவே பேசினார். கையை எடுத்தது நீ, ஆளை அனுப்பவேண்டியதும் நீதான் என்றார். ஆள் யாரும் வரவில்லை. வாசலில் ஸ்கூட்டர்தான் நின்றது. அதைப் பார்க்காத மாதிரி இரண்டு நாள் நடமாடிப் பார்த்தார். அது நகர்கிற வழியாக இல்லை. கடைசியில், ஊருக்குக் கிளம்புமுன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போ என்று தம்பியிடம் சொன்னார்.

கிடங்குக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் பாடம் தொடங்கியது. நேராகப் போகும்போது குறையே இல்லை. திருப்பம் வந்தால் மட்டும் வண்டி நேரே சுவரைத் தேடிப் போனது. ஹேண்டிலைச் சரிபார்த்தான், பிரேக்கைச் சரிபார்த்தான், தம்பிக்குக் காரணம் பிடிபடவில்லை. பிறகு பக்கத்திலேயே ஓடிவந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"அக்கா, கண்ணை மூடிக்கிட்டா ஓட்டுற?"

"கும்பிடுறேன்டா. திருப்பத்துல பயமா இருக்குல்ல?"

"கண்ணைத் திறந்துக்கிட்டுக் கும்பிடேன்."

"அது மரியாதையா இருக்குமா?"

மரியாதையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கடவுள் சம்மதிப்பார் என்று தம்பி எவ்வளவோ எடுத்துச் சொன்னான். அவன் ஊருக்குப் போகும்வரை காஜாக்காரம்மா ஒரு கண்ணைத்தான் திறக்கப் பழகியிருந்தார்.

முதல் பயணத்தன்று, வீட்டுக்காரர் சாயாமலிருக்க காஜாக்காரம்மா அகலமான துணிப்பட்டை தைத்து இருவரையும் சேர்த்துக் கட்டினார். தப்பித்து ஓடிவிடுவேன் என்று பயமா என்று வீட்டுக்காரர் குழறிக் குழறிக் கேட்டார்.

பாலத்தடி நாற்சந்தி வரை வண்டி வந்துவிட்டது. நடுச்சந்தியில் ஒரு லாரி குறுக்கே திரும்ப, காஜாக்காரம்மாவுக்குக் கைகால் விறைத்தது. வண்டி நின்றது. சுற்றிலும் ஹாரன் காதைப் பிளந்தது. உதடு முணுமுணுக்க, இமை தானாக இறங்கியது. பின்னால் கட்டுண்டு கிடந்தவர் அதைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"அடியே, நீ ரோட்டைப் பாரு. கும்பிடுறதை நான் பாத்துக்கறேன்."

காஜாக்காரம்மாவுக்கு லாரியைவிட இதுதான் பெரிய அதிர்ச்சி. ஆனால் சொன்னவர் சொன்னபடி செய்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, குழறுகிற வாயால், தெரியாத கடவுளை உரத்த குரலில் கூப்பிட்டார். வேண்டுதல் ஒருவர் பொறுப்பு, வண்டி ஒருவர் பொறுப்பு என்று பிரிந்ததும், காஜாக்காரம்மா இரண்டு கண்ணையும் அகலத் திறந்து லாரியைச் சுற்றிக்கொண்டு போனார். பயிற்சிக்கூடத்து வாசலில் இறங்கச் சொன்னபோது வீட்டுக்காரர், "இரு, இன்னும் கும்பிட்டு முடியலை" என்றார்.

அதன்பிறகு ஒரு நாள்கூடப் பயிற்சி தவறவில்லை. முதலில் கட்டைவிரல் அசைந்தது. பிறகு கை பந்தைப் பிடித்தது. ஒருநாள், சாவியைத் தொலைத்த பக்கத்துத் தெருக்காரர் வந்து கூப்பிட, வீட்டுக்காரர் கம்பியை வலது கையில் எடுத்துக்கொண்டு போனார். விரல் நடுங்கியது. கம்பி நழுவி நழுவி விழுந்தது. பூட்டிய வீட்டு வாசலில் நின்ற தெருக்காரர், இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று பொறுமையில்லாமல் கேட்டார்.

"என் கையைத் திறக்கக் கடவுளுக்கே இத்தனை மாசம் ஆச்சு" என்றார் வீட்டுக்காரர். "இந்தப் பூட்டுக்குக் கொஞ்ச நேரம் பொறுக்க மாட்டீங்களா?"