பெயருக்கு விட்ட இடம்

புள்ளிக்காரி என்ற பேர் முதன்முதலாகக் காதில் விழுந்தது ஒரு கல்யாணப் பந்தியில். "பொண்ணோட அம்மா யாருன்னு தெரியுதா? பாத்திரக் கடைப் புள்ளிக்காரி" என்று என் நாத்தனாரின் ஓரகத்தி கிசுகிசுத்தாள். முகத்தில் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பந்தியே கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. அந்த ஓரகத்திக்கு அவள் சித்தி மகள் முறை என்பதும், பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கைக்கு அடக்கமான மெஷினில் ஊசி டிர்ரென்று துடிக்க, எவர்சில்வர் கிண்ணத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் விழும். முப்பது வருஷமாக அதே வேலை.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது கிண்ணத்தில் இறங்கும். ஒருமுறை ஒரு வாத்தியார் அவசரத்தில் "பேர் அப்புறம் சொல்கிறேன்" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் வாங்கிய குடத்தில் அதையே அழகாக வெட்டி வைத்தாள். அவர் வேண்டாமென்று விட்டுப் போன அந்தக் குடம் இன்னும் அவள் வீட்டுத் தண்ணீர்க் குடமாக இருக்கிறது.

மகளைக் கொடுத்த இடம் பெரிய இடம். சம்பந்தியம்மா மியூசியத்தில் வெண்கலப் பிரிவுக்குப் பொறுப்பாளர். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இருவரும் "வாங்க, சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டியதில்லை. பெண்ணைக் கொடுத்தவர்கள் நாம், வாயைக் குறைக்க வேண்டும் என்று புள்ளிக்காரியும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போனாள். வீடு இழவு விழுந்தது போலக் கிடந்தது. அடுப்படியில் மகள் மெதுவாகச் சொன்னாள். மியூசியத்தில் உள்ளங்கை அளவு வெண்கலத் தகடு ஒன்று இருக்கிறது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது. யாரோ ஒரு பெண் தெய்வத்திடம் எதையோ வேண்டிக்கொண்டாள், அது பலித்தது, "வேண்டியது நடந்தது" என்று எழுதித் தன் பேரோடு காணிக்கையாகக் கொடுத்தாள். அழுக்குப் பெட்டியிலிருந்து அதைக் கண்டெடுத்துப் படித்துக் கண்ணாடிக்குள் வைத்தவர் சம்பந்தியம்மாதான். இப்போது வெளியூரிலிருந்து வந்த நிபுணர் அது மோசடி என்று எழுதிவிட்டாராம். மேலே உள்ள எழுத்து பெரிசாக, நேராக இருக்கிறது. பேர் மட்டும் பொடிசாக, கோணலாக, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. பிற்காலத்தில் எவனோ விலை ஏற்றுவதற்காகப் பேரைச் சேர்த்திருக்கிறான் என்கிறார். வியாழக்கிழமை தகட்டை எடுத்து இருட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். அத்தைக்கு ஓய்வு பெற இன்னும் ரெண்டு மாசம்தான்.

மறுநாள் மகளோடு புள்ளிக்காரியும் மியூசியத்துக்குப் போனாள். சம்பந்தியம்மா தகட்டை வெளியே எடுத்துக் காட்டினார். கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்தே வெட்டிப் பழகியவள், தகட்டையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஆனால் புள்ளி புரிந்தது. பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மகள் இடுப்பில் கிள்ளினாள்.

சம்பந்தியம்மாவின் முகம் செத்துப்போனது. "என்ன சம்பந்தி, என் பொழப்பு சிரிப்பா சிரிக்குதா?"

"ஐயோ, உங்களப் பார்த்து இல்லீங்க. இத வெட்டினவனப் பார்த்து" என்று தகட்டைத் தொட்டாள். "கடையில ஆள் இல்லாத நேரத்துல 'அன்பளிப்பு'ன்னு இருபது கிண்ணத்துல வெட்டி வச்சிருவேன். பேருக்கு இடம் விட்டிருப்பேன். வர்றவங்க பேரு முழ நீளம் இருந்தா நான் என்ன பண்றது? நெருக்கித்தான் போடணும். அதுவும் பக்கத்துல நின்னுக்கிட்டு பஸ் போயிரும், பஸ் போயிரும்னு உயிர வாங்குவாங்க. கை கோணத்தான் செய்யும்."

சம்பந்தியம்மா தகட்டை வாங்கிப் பேரை மறுபடி பார்த்தார். பிறகு, வாய்ச்சொல்லை நிபுணர் ஏற்கமாட்டார், பேர் போடாத தகடு ஒன்றாவது கிடைக்க வேண்டும் என்றார். விற்காமல் நின்ற சரக்கு எங்காவது இருக்கும், தேடிப் பார்க்கலாம் என்றாள் இவள்.

இருட்டறை அலமாரிகளைத் தட்டுத் தட்டாக இழுத்துப் பார்த்தார்கள். துண்டும் துணுக்குமாக நூற்றுக்கு மேல் இருந்தது. மூன்றாவது தட்டின் மூலையில், "பாதியில் நின்றது" என்று சீட்டு ஒட்டிய தகடு ஒன்று. அதே வரி. கீழே ரெண்டு விரல் அகலம் வெறுமையாக இருந்தது. புள்ளிக்காரி இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஓர் எழுத்தின் வளைவைக் காட்டினாள். இதிலும் ஒரு புள்ளி வழி தவறி வெளியே விழுந்திருந்தது, அதிலும் அதே இடத்தில் அதே புள்ளி. அங்கே வளைக்கும்போது அவனுக்குக் கை வழுக்கும், அது அவன் கைவாகு, வேறொருவனுக்கு வராது என்றாள்.

சம்பந்தியம்மா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வாங்கப்போறது யாருன்னே தெரியாம, 'வேண்டியது நடந்தது'ன்னு முன்னாடியே வெட்டி வச்சிருக்கான்."

"நடக்கும்னு நம்பித்தான் முதல் போட்டிருக்கான் சம்பந்தி. நடக்கலன்னா இத யாரு வாங்குவா?"

ஊரில் அத்தனை பேருக்கு வேண்டுதல் பலித்திருக்கிறது, கடைக்காரன் சரக்குச் செய்து அடுக்கி வைக்கும் அளவுக்கு. அதை நினைத்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

சம்பந்தியம்மா அன்றே உட்கார்ந்து எழுதி அனுப்பினார். நிபுணர் புதன்கிழமையே நேரில் வந்து, லென்ஸ் வைத்து ஒரு மணி நேரம் பார்த்து, தான் எழுதியதைத் தன் கையாலேயே அடித்துவிட்டார். பேர் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு தகடுகளும் ஒரே கண்ணாடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஏறின. ரெண்டு மாசம் கழித்து சம்பந்தியம்மா தலை நிமிர்ந்து ஓய்வு பெற்றார். அதன்பிறகு சம்பந்திகள் மணிக்கணக்கில் போனில் பேசினார்கள், மகள் சௌக்கியமா என்று கேட்க மட்டும் மறந்துபோனார்கள்.

புள்ளிக்காரி இப்போது, அந்தத் தகடுகளை நினைத்தபோதெல்லாம் போய்ப் பார்க்க வசதியாக, மியூசியத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறாள்.