மதி என்றாள்

என் மனைவிக்கு நீச்சல் நன்றாக வரும். கல்யாணம் முடிந்து எங்கள் ஊருக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே பெண்கள் படித்துறையில் பெயர் வாங்கிவிட்டாள். குளம் நிறைந்து கிடக்கும் நாட்களில் மற்றப் பெண்கள் படியோடு நின்று முங்கி எழுவார்கள். இவள் தாமரைக் கொடிகளைத் தாண்டிப் போய் மறுகரையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். எங்கள் மகளுக்கும் தெருவில் பாதிப் பெண்பிள்ளைகளுக்கும் தாடையைத் தாங்கிப் பிடித்து நீந்தப் பழக்கியவள் அவள்தான். நான் அரசு பஸ் ஓட்டுநராக இருந்தேன். குளத்தங்கரைச் சாலையில் வரும்போது ஹாரன் அடித்தால் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை உயரும். பஸ்ஸில் முன்னால் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

எதற்கும் சத்தமாகச் சிரிக்கிறவள். கோபம் வந்தாலும் அப்படித்தான், தெருமுனை வரை கேட்கும். அடுத்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி இங்கிருந்து போகும். மகள் நர்சிங் படித்து குவைத்துக்கு வேலைக்குப் போனபோது விமான நிலையத்தில் எல்லோரும் அழ, இவள் மட்டும் "போய் நல்லா இரி மக்கா, அழுதா கண்மை போயிரும்" என்று சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்த பிறகு மகளுடைய தலையணை உறையைத் துவைக்க விடாமல் ஒரு மாதம் வைத்திருந்தாள்.

நான் ஓய்வு பெற்ற வருடம் அவளுக்குக் காலில் வீக்கம் வந்தது. நின்றுகொண்டே வேலை செய்வதால்தான் என்று நினைத்தோம். பிறகு முகம் ஊதியது. பல வருடங்களாக இருந்த ரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது என்று நாகர்கோவிலில் டாக்டர் சொன்னார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிழமைகள் இரண்டே வகையாயின: போகிற நாள், போகாத நாள்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேச்சு வந்தது. எனக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் என்னை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். மகள் தன்னுடையதைத் தருகிறேன் என்று குவைத்திலிருந்து சொன்னாள். போனில் அந்த முகத்தைப் பார்த்தபடியே இவள் சொன்னாள்: "எனக்க பிள்ளைய அறுத்து நான் ஜீவிக்கணுமா? இன்னொரு தரம் இந்தப் பேச்சு எடுத்தேன்னு வையி, போனைக் கெணத்துல போட்டிருவேன்." மகள் மறுபடி மறுபடி எடுத்தாள். இவள் அசையவில்லை.

ஊசியையும் மெஷினையும் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது தாகம்தான். உடம்பிலிருந்து நீர் வெளியே போக வழியில்லாததால், ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீருக்குமேல் குடிக்கக் கூடாது. மாத்திரை விழுங்குகிற தண்ணீர், ரசம், காப்பி எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். இளநீர் கூடாது. வாழைப்பழம் கூடாது. காய்கறியை வேகவைத்து நீரை இறுத்துவிட்டுச் சாப்பிட வேண்டும். ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம் என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் ஊரில் எங்கே திரும்பினாலும் கால்வாயும் குளமும். ஐப்பசியில் ஓட்டிலிருந்து கம்பி கம்பியாக மழை ஊற்றும். அவள் ஜன்னலைச் சாத்தச் சொல்வாள்.

"சத்தம் கேக்காம இருக்கட்டும்" என்பாள்.

ஒரு நாள் குளியலறையில் வெகுநேரம் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினேன். குனிந்து நின்றிருந்தாள். தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் மீதியைத் துப்பிவிட்டு, "வெள்ளத்தைத் துப்பத்தான் செய்யுகேன், பாத்துட்டுத்தானே நிக்கியோ" என்றாள். அன்று மாலையே மூச்சு முட்டியது. ஆட்டோவில் அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனேன். ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்.

டயாலிசிஸ் அறையில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் குளச்சலில் இருந்து ஒரு பெண் வருவாள். இவளைவிடப் பத்து வயது இளையவள். தலைச்சுமையாக மீன் விற்றவள். கணவன் இல்லை, தனியாகவே பஸ்ஸில் வந்து போவாள். முதல் நாளே இவளைப் பார்த்து, "அக்கா, பயப்படாதேயும். ரெண்டு மாசத்துல பழகிரும். அதுக்கப்புறம் வெறுத்துரும்" என்றாளாம். அந்தப் பேச்சுக்கே இவளுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நான்கு மணி நேரம் இருவரும் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மற்றக் கட்டில்களில் தூங்குவார்கள், அல்லது போன் பார்ப்பார்கள். இவர்கள் இருவரும் வாயாலேயே சமைப்பார்கள். நெத்திலி அவியலுக்கு மாங்காய் போடுவதா புளி ஊற்றுவதா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. சாளைக் கறிக்குத் தேங்காயை வறுத்து அரைப்பதா, பச்சையாக அரைப்பதா என்று இன்னொரு நாள். இரண்டு பேருக்கும் அதில் ஒன்றையும் ஆசைப்பட்டபடி சாப்பிட அனுமதி கிடையாது. வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு என் மனைவியின் பழைய சிரிப்பு கேட்கும். நர்ஸ் வந்து அதட்டுவாள். வீட்டில் அந்தச் சிரிப்பு நின்று நாளாகியிருந்தது. நிஜத்தைச் சொன்னால், டயாலிசிஸ் இல்லாத நாட்களில்தான் அவள் வாடிக்கிடந்தாள்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கட்டிலில் வேறு யாரோ ஒரு வயதானவர் படுத்திருந்தார். என் மனைவி நர்ஸிடம் எதுவும் கேட்கவில்லை. தன் கட்டிலில் படுத்து, கையை நீட்டிக் கொடுத்தாள். ஊசி குத்தி முடித்த பிறகு நர்ஸே சொன்னாள், நேற்று வீட்டில் வைத்து இறந்துவிட்டார்கள், இன்று மாலை அடக்கம் என்று. மெஷினிலிருந்து இறங்கியதும் தலைசுற்றலோடு, "குளச்சலுக்கு வண்டியை விடச் சொல்லுங்கோ" என்றாள். மறுத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை.

போனபோது சவப்பெட்டியை மாதா கோயிலுக்கு எடுக்கத் தயாராக இருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அங்கே இருந்தவர்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. ஒரு அம்மாள், "நீங்கோ ஆரு?" என்று கேட்டாள்.

"நான் இவளுக்க கூட்டுக்காரி" என்றாள் என் மனைவி. அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

அதற்குப் பிறகும் சில மாதங்கள் டயாலிசிஸுக்குப் போய்வந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிப் படுத்திருப்பாள். வீட்டில் முதுகெல்லாம் அரிப்பு, தூக்கமில்லை. சீப்பால் வருடிவிடச் சொல்வாள். எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகியிருந்தது அந்த முதுகு.

ஒரு நாள் காலை ஆட்டோ வாசலில் நின்றது. நான் பையை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். நாற்காலியை விட்டு எழவில்லை.

"நான் வரல்லே. எனக்கு மதி."

போதும் என்பதற்கு எங்கள் பக்கம் மதி என்போம். இலையில் இரண்டாம் தரம் சோறு வைக்க வரும்போது கை காட்டிச் சொல்கிற வார்த்தை.

"இன்னைக்கு மேலுக்கு முடியல்லியா? நாளைக்குப் போவமா?" என்று கேட்டேன்.

"நாளைக்கும் இல்லே. இனி இல்லே. கோவத்துல சொல்லல்லே, கேட்டேளா. நெறய நாளா யோசிச்சுத்தான் சொல்லுகேன்."

நான் கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில் ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன். மகளுக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் திருவனந்தபுரத்தில் இறங்கி வந்துவிட்டாள். வந்தவள் பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை.

"என்னம்மா நெனச்சிட்டு இருக்க? இது தற்கொலை தெரியுமா? நான் வேலை செய்யுத எடத்துல எத்தனை பேரு இதே மாதிரி பத்து வருஷம் இருக்காங்க!"

"இருக்கட்டும் மக்கா. அவியளுக்கு முடியுது. எனக்கு முடியல்லே."

"எனக்காவ முடியாதா?"

"ஒனக்காவத்தான் இம்புட்டு நாளு போனேன்" என்றாள்.

மகள் அடுக்களைக்குப் போய் அழுதாள். மறுநாள் டாக்டரையே வீட்டுக்கு அழைத்து வந்தாள். இனி என்னென்ன நடக்கும் என்பதை அவர் ஒளிக்காமல் சொன்னார். மூச்சுத்திணறல் வரும், குழப்பம் வரும், பிறகு மயக்கம். சில நாட்கள், மிஞ்சினால் இரண்டு வாரம். மனம் மாறினால் எந்த நேரமும் வரலாம் என்றார். என் மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னாள்.

அவர் போன பிறகு மகள் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அத்தனை நாளும் போனில் தண்ணீருக்காக அம்மாவை மிரட்டியவள் அவள். என் மனைவி இரண்டு மிடறு குடித்தாள். முகம் சுளித்தது.

"இரும்பு மாதிரி இருக்கு" என்றாள்.

உடம்பில் விஷம் ஏறியதால் நாக்கு அப்படி ஆகிவிட்டது என்று மகள் பிறகு எனக்கு விளக்கினாள். இளநீர் வெட்டினோம், கைத்தது. நெத்திலி வாங்கி மகள் மாங்காய் போட்டு வைத்தாள். வாசனைக்கே குமட்டல் வந்தது. எதையும் சாப்பிடலாம் என்றான அன்று எதுவும் இறங்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அதைவிடக் கொடுமை வேறு இல்லை. மகள் இளக்கமில்லாத முகத்தோடு கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு டாக்டர் சொன்ன வரிசையிலேயே எல்லாம் வந்தது. உட்கார்ந்தால்தான் மூச்சு என்பதால் நானும் மகளும் மாறி மாறி முதுகுக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தோம். ஒரு நாள் என்னை யாரென்று தெரியாமல், "டிரைவரே, படித்துறையில நிப்பாட்டும்" என்றாள். நிறுத்திவிட்டேன் என்றேன். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அவளுடைய இடது கையில், ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடத்தில் எப்போதும் ஒரு அதிர்வு இருக்கும். தொட்டால் பூனை உறுமுவது மாதிரித் தெரியும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் போய்க்கொண்டிருந்த மாலை நேரத்தில் அதன்மேல் என் கை இருந்தது. அது குறைந்தது. பிறகு இல்லை. மகளைப் பார்த்தேன். அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, வேலைப் பழக்கத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதன் பிறகுதான் "அம்மா" என்றாள்.

காரியங்கள் முடிந்து மகளை விமான நிலையத்தில் கொண்டுவிட்டேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவள் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க கொஞ்சம் தடுத்திருக்கலாம்பா."

தன் அம்மாவின் அந்த முதுகை அவள் கடைசி நாட்களில் மட்டும்தான் பார்த்தாள். நான் தினமும் பார்த்தேன். ஆனால் அதைச் சொல்லி ஒரு மகளிடம் வழக்காட முடியுமா? மகள் ஒவ்வொரு மாலையும் கூப்பிடுகிறாள். சர்க்கரை மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாள், போட்டேன் என்கிறேன். குவைத்தில் வெயில் எப்படி என்று நான் கேட்கிறேன். அம்மாவைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.