பனியன் துவைப்பவர்

நெஞ்சைப் பிளந்து தைத்த முப்பதாம் நாள், பனியனில் மஞ்சள் கறையோடு உட்கார்ந்துகொண்டு, "ஏ-ஒன்னா இருக்கேன் சிஸ்டர்" என்று போனில் சொன்னவன் நான். பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்கிறவன்; என் மார்பில் கசிந்ததைச் சொல்ல மட்டும் வார்த்தை வரவில்லை. உண்மையைச் சொன்னால் மறுபடி விமானம், மறுபடி கட்டில். சிஸ்டர் தன் நீல அட்டை ரிஜிஸ்டரில் என் பெயருக்கு எதிரே 'நலம்' என்று எழுதிக்கொண்டார்.

இந்தத் தீவுகளில் இதயத்தைத் திறக்க மெயின்லேண்டுக்குத்தான் போக வேண்டும். தைத்து அனுப்பிவிடுவார்கள். தையல் பிடித்ததா என்ற செய்தி அதன்பின் கடல் தாண்டிப் போகாது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சிஸ்டர்தான், திரும்பி வந்தவர்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டு விசாரித்து, எழுதி, அறுவை செய்த டாக்டர்களுக்கு மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தார். "வெட்டினவங்களுக்கு ஒட்டிச்சான்னு தெரிய வேண்டாமா சார்? பிளேன் ஏத்தி விட்டா கதம், முடிஞ்சு போச்சா?" என்பார்.

ரிஜிஸ்டரில் எனக்கு அடுத்த வரி பாராடாங் தீவின் லாரி டிரைவர். சென்னையில் எனக்குப் பக்கத்துக் கட்டில். இருமினாலும் சிரித்தாலும் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நான் வாயைத் திறக்கும்போதே அவர் தலையணையை எடுத்துக்கொள்வார். என் நகைச்சுவைக்காக வலி பொறுத்துச் சிரித்த ஒரே மனிதர். சிஸ்டரிடம் அவரும் "டீக் ஹை, நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் கழித்து என் மனைவி எனக்குத் தெரியாமல் சிஸ்டருக்குப் போன் செய்து கறையைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அன்றே என்னை வரவழைத்துப் புண்ணைச் சுத்தம் செய்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டே ரிஜிஸ்டரைப் பார்த்த சிஸ்டர், சட்டென்று பாராடாங்குக்குப் போன் போட்டு டிரைவரின் மனைவியைக் கேட்டார்.

"அண்ணி, அண்ணன் பனியனைத் துவைக்கிறது யாரு? நீங்களா? கறை இருக்கா?"

"பத்து நாளா சோப்பு போட்டும் போகலை சிஸ்டர்."

ஃபெர்ரியில் ஏற்றி இந்தக் கரைக்குக் கொண்டுவந்து, சென்னைக்கும் அனுப்பினார்கள். சீழ் எலும்புக்குள் இறங்கியிருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

இரண்டு 'நலம்'களையும் சிஸ்டர் சிவப்பு மையால் அடித்தார். ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'பனியன் துவைப்பவர்' என்று தலைப்பு எழுதினார். அதற்குப் பின் நோயாளிக்கு அல்ல, அந்தக் கட்டத்து நம்பருக்குத்தான் போன். ஃபெர்ரி தாண்டிப் போக வேண்டியவர்களைப் புண் காயும்வரை போர்ட் பிளேரிலேயே தங்கவைக்கிறார்கள். தூரத்துத் தீவுக்காரர்களுக்குத்தான் கறை அதிகம் என்று அந்தக் கட்டம் காட்டியதால்தான் அதுவும்.

போன மாதம் சிஸ்டர் ஓய்வு பெற்றார். ரிஜிஸ்டர் மேசைமேல் இருந்தது. நீல அட்டை ஓரம் பிய்ந்திருந்தது. பல வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "அன்னைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தா, நீங்க அன்னைக்கே பாராடாங்குக்கும் போன் போட்டிருப்பீங்க; அந்த ஒரு வாரம் டிரைவருக்குக் கிடைச்சிருக்குமில்ல?"

சிஸ்டர் பக்கங்களைப் புரட்டி அந்தச் சிவப்புக் கோடுகளில் நின்றார். "கிடைச்சிருக்கும். ஆனா பிழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது சார்."

இப்போது மாத்திரை, நடை எல்லாம் ஒழுங்காக இருப்பதாக நானே ஆரம்பித்தேன். அவர் ரிஜிஸ்டரை மூடினார்.

"உங்களைக் கேட்டா நீங்க எப்பவும் நல்லாத்தான் இருப்பீங்க. போன வாரம் ஜங்லிகாட் கடையில நின்னு ஜிலேபி சாப்பிட்டீங்களாமே, உங்க பனியன் துவைக்கிற அக்கா சொன்னாங்க."