சாம்பலில் புதைத்த சிலிண்டர் ஹெட்

கடலூர் முதுநகரில் நான் வெல்டிங் பட்டறை நடத்திய காலத்தில், என் வேலைக்கு வந்தவர்களைவிட என் கிண்டலைக் கேட்க வந்தவர்கள் ஜாஸ்தி. இது என் மனைவியின் கணக்கு.

மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்கு முந்தின நாள் காலை, விசைப்படகு வைத்திருந்த செல்வம் விரிசல் விட்ட எஞ்சின் சிலிண்டர் ஹெட்டோடு வந்து நின்றான். விடிந்தால் எல்லாப் படகும் கிளம்பும். முதல் நாள் மீன்பாடுதான் பாடு.

“மாமா, நாளைக்கு நா கடலுக்குப் போவலன்னா அவ்ளோதான். எப்படியாவது ஒட்டிக் குடு.”

“ஒட்டறதுக்கு இது கல்யாணப் போஸ்டராடா?”

ஹெட் காஸ்ட் அயர்ன், வார்ப்பிரும்பு. சாதாரண இரும்பு வளைந்து கொடுக்கும். இது வளையாது, உடையும். முழுசாகச் சூடேற்றித்தான் வெல்டிங் ராடு ஓட்ட வேண்டும். பிறகு மெதுவாக ஆற வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் வெல்டிங் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதனால் வேலை முடிந்ததும், சிதம்பரம் பக்கத்து ரைஸ் மில்லில் வாங்கிய உமிச்சாம்பலில் புதைத்து மறுநாள்வரை விட்டுவிடுவேன்.

இதையும் அப்படித்தான் புதைத்தேன். செல்வம் சாயந்திரமே வந்துவிட்டான், மனைவி கலாவோடு. சாம்பலைக் கிளறினால் இன்னும் கை வைக்க முடியாத சூடு.

“மெக்கானிக் காத்துகினு இருக்காரு மாமா.”

சாம்பலோடு சாக்கில் சுற்றிக் கொடுக்கலாம் என்று ஹெட்டைத் தூக்கிப் பலகைமேல் வைத்தேன். அப்போதாவது ஒழுங்காகப் பேசியிருக்கலாம்.

“பச்ச ஒடம்புக்காரிடா இவ. காத்து படக்கூடாது, தண்ணி படக்கூடாது. பத்தியமா பாத்துக்க.”

“பேரு வெச்சிட்டியா மாமா?”

“ஒன் மாமியா பேருதான்.”

கலா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சாக்கு எடுக்க உள்ளே போனேன். தடை முடிந்து படகு இறங்கும்போது எஞ்சினுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கற்பூரம் காட்டுவது அவர்கள் வழக்கம். கலா சொம்போடுதான் வந்திருக்கிறாள்; நான் திரும்புவதற்குள் ஹெட்மேல் ஊற்றிவிட்டாள்.

‘டிங்’ என்றது. டம்ளர் உடைகிற சத்தம், அவ்வளவுதான். விரிசல் வால்வு உட்காரும் இடத்தைத் தாண்டி ஓடிவிட்டது. இனி எந்த ராடுக்கும் அடங்காது.

மறுநாள் துறைமுகத்துக்குப் போனேன். செல்வத்தின் படகு மட்டும் கட்டிக் கிடந்தது. அவன் பக்கத்தில் நின்றிருந்தான்.

“நீ சொன்ன மாமா. நாங்கதான் வெளயாட்டுன்னு நெனச்சிட்டோம்.”

திட்டியிருந்தால் திருப்பிக் கிண்டலடித்திருப்பேன்.

புது ஹெட் சென்னையிலிருந்து வருவதற்குள் நல்ல பாடெல்லாம் போய்விட்டது. பழி கலாமேல் விழுந்தது. அவள் கை ராசியில்லாத கை என்றார்கள். பண்ருட்டியிலிருந்து வந்த அவள் அக்காளே அப்படிச் சொன்னாளாம். “அது இரும்போட கொணம். சரியா சொல்லாதது என் தப்பு” என்று நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிரித்தார்கள். சொன்னது நான் அல்லவா, அதையும் கிண்டலென்றே எடுத்துக்கொண்டார்கள்!

அதன்பின் சாம்பலிலிருந்து எதை எடுத்தாலும், “தண்ணி ஊத்தாத, ஒடஞ்சிடும்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

“இன்னா மாமா, வூட்ல சண்டையா?” என்பார்கள்.

கிண்டல் நாக்கு நுனிவரை வரும். பொருள் ஆறுகிறவரை வாயைத் திறக்கமாட்டேன்.