எங்கள் ஜீப் டீசலாகக் குடித்த வருடம்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். பனி மலைகளில் லாரி ஓட்டியவர். பென்சன் வாங்கிக்கொண்டு ராஜபாளையம் வந்ததும் அவர் முதலில் வாங்கியது ஒரு பழைய டீசல் ஜீப். வீட்டுக்கு கிரைண்டர்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

அய்யனார் கோவிலுக்குப் போகிற பக்கம், ஆற்றைத் தாண்டி, மலையடியில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. ஆற்றுக்குள் பாறையும் மணலுமாகக் கிடக்கும். கார் எல்லாம் அங்கே போகாது. ஜீப்தான் நான்கு சக்கரத்தாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு, எருமை கரையேறுவதுபோலத் தண்ணீர் சொட்டச் சொட்ட அக்கரை ஏறும். திரும்பி வரும்போது பின்னால் மாங்காய்க் கூடைகள் இருக்கும். மாம்பால் வாசனையும் டீசல் வாசனையும் வெயிலில் காய்ந்த சீட்டின் வாசனையும் சேர்ந்து வரும். இப்போதும் எங்காவது டீசல் வாசனை வந்தால் எனக்கு மாங்காய்தான் நினைவுக்கு வருகிறது.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சமையல்கட்டுப் பக்கம் போய் எதையாவது நறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வீட்டிலும் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. ஜீப்பில் ஏறினால் மட்டும் எப்படியோ வாய் திறந்துகொள்ளும். அந்த இரைச்சலில் நான் சொல்வது வேறு யார் காதிலும் விழாது என்ற தைரியம். அவர் காதிலேயே பாதிதான் விழும்.

"என்னட்டி சொல்ற? சத்தமாச் சொல்லு."

நானும் கத்திச் சொல்வேன். பிள்ளை பெறப் பயந்தது, என் அம்மா செத்த அன்றைக்கு அழுகை வராமல் இருந்தது, எல்லாம் வீட்டு வாசலுக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவில் கத்திக் கத்திச் சொன்னவைதான். அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொள்வார். முகத்தைப் பார்க்காமல் கேட்கிறவரிடம் சொல்வது எனக்கு லேசாக இருந்தது.

அந்த வருடம் மாங்காய் இறங்குகிற சமயத்தில் ஜீப் டீசலைக் குடிக்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் டேங்கை நிரப்பினால் பாதிப் பறிப்பு முடியும்வரை பங்க் பக்கம் போக வேண்டியதில்லை. அந்த வருடம் வாரம் திரும்புவதற்குள் டீசல் மீட்டரின் முள் கீழே படுத்துவிட்டது.

"எவனோ டியூபைப் போட்டு உறிஞ்சுதான்" என்று முதலில் டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். பூட்டு அப்படியே இருந்தது, டீசல் இறங்கியது. பிறகு எங்காவது ஒழுகுகிறதோ என்று ஜீப்புக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தார். காலையில் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு டீசல் இல்லட்டி. எல்லாம் உள்ள போயித்தான் காலியாகுது" என்றார்.

அடுத்தது பிரேக். சக்கரம் எங்காவது பிடித்துக்கொண்டே ஓடினால் இஞ்சின் சும்மா கஷ்டப்படும், டீசல் கூடுதலாகக் கேட்கும் என்றார். ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார். நான் மேலே ஏறி பிரேக்கை மிதித்து மிதித்து விட வேண்டும்.

"மிதி."

மிதித்தேன்.

"விடு. விட்டியா?"

"விட்டுட்டேன்."

"எங்க விட்ட? காலு அதுமேலதான இருக்கு."

"பின்ன காலைக் கொண்டுபோயி எங்க வைக்க?"

"என் தலைமேல வையி."

முன்சக்கரம் ஒன்று லேசாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதைக் கழற்றி, சுத்தம் செய்து, மாட்டினார். டயருக்குக் காற்றும் சரிபார்த்தார். ஓட்டம் கொஞ்சம் லேசானது. ஆனால் முள் இறங்குவது நிற்கவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். பின்னால் கரும்புகை வருவதைப் பார்த்துவிட்டு, டீசலைத் தூவுகிற நாசில் போய்விட்டது என்று சொல்லிப் புதிதாகப் போட்டார்கள். புகை மாறவில்லை. ஏர் கிளீனரையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அங்கிருந்தவர் கை வைக்கப் போனார். இஞ்சினுக்குப் போகிற காற்றின் தூசியை எண்ணெயில் படிய வைக்கிற டப்பா அது.

"அதை நீங்க தொட வேண்டாம். சனிக்கிழமைக்கு சனிக்கிழமை நானே கழுவி எண்ணெய் மாத்துதேன். பட்டாளத்துப் பழக்கம்" என்று இவர் தடுத்துவிட்டார்.

அது உண்மைதான். சனிக்கிழமை அவர் தலைக்கு எண்ணெய் வைப்பாரோ இல்லையோ, ஜீப்புக்கு வைத்துவிடுவார்.

இதற்கு நடுவில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. ஒருநாள் தோப்புக்குப் போகும்போது, திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. நேரே போனார். குறுக்கு வழி ஏதாவது போகிறாரோ என்று நானும் பேசாமல் இருந்தேன். கொஞ்ச தூரம் போய் ஜீப்பை மெதுவாக்கி, "ஏட்டி, இப்ப நாம எங்க போறோம்?" என்று கேட்டார்.

"தோப்புக்கு."

"உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு வீடு திரும்பும்வரை நான் வேறு ஒன்றும் பேசவில்லை. யாரிடமும் இதைச் சொல்லவும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு எங்கள் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். அப்பாவோடு தோப்புக்குப் போய்வந்தவன், ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தான்.

"அப்பா, வண்டியில கோளாறு இல்ல. போகவர நானும் பாத்தேன். நீங்க நாலாவது கியரே போடல. மூணுலயே உறுமிக்கிட்டுப் போனா டீசல் குடிக்கத்தான் செய்யும்."

"நாலுல போட்டா இழுக்க மாட்டேங்குதுலே."

"இழுக்கலையா? இல்ல, போட மறந்துருதீங்களா?"

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மகனைக் குறை சொல்ல முடியாது. கைகழுவ வந்தவன் என்னிடம் தனியாகச் சொன்னான். "எனக்கு டீசல் பெருசில்லம்மா. அப்பாவுக்கு வயசாயிருச்சு. மெயின்ரோட்டுல லாரி வாரப்ப என்ன செய்யணும்னு தெரியாம நின்னுட்டாங்கன்னா? மம்சாபுரத்துல ஒருத்தர் ஜீப்பைக் கேக்காரு. தேர் முடியவும் குடுத்துருவோம். இனிமே அப்பா ஓட்ட வேண்டாம்."

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவன் பயப்படுவதில் பாதி எனக்கும் இருந்தது. ஆனால் பட்டாளத்திலிருந்து அவர் மிச்சம் கொண்டுவந்தது அந்த ஓட்டுகிற கை ஒன்றுதான். அதைப் பிடுங்கிவிட்டால் அந்த மனுசன் காலையில் எழுந்து எதற்காகச் சட்டை போடுவார் என்று யோசித்தேன்.

மறுநாள் அவரே மகனிடம் வந்தார். "சீவில்லிபுத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தன் இருக்கான். ஒரு தடவை அவன் பாக்கட்டும். வண்டி சரியாத்தான் இருக்கு, ஓட்டுத ஆளுதான் சரியில்லன்னு அவன் சொல்லிட்டான்னா நானே சாவியைக் குடுத்துருதேன்."

தேர் நிலைக்கு வந்த மறுநாள் மூன்று பேரும் போனோம். தெருவெல்லாம் தேர்ச்சக்கரம் பதிந்த தடம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. என் மகனை ஏறி ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். கரும்புகை வந்தது. ஏர் கிளீனரில் காற்று நுழைகிற வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கையை இழுக்கவே இல்லையே. வண்டி மூச்சு முட்டிக் கெடக்கு."

"ஏர் கிளீனரைப் போன சனிக்கிழமைதான் கழுவினேன்."

மெக்கானிக் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த எண்ணெய், விளக்கில் ஊற்றுகிற எண்ணெய்போலச் சுத்தமாக இருந்தது. பிறகு அந்த டப்பாவிலிருந்து இஞ்சினுக்குப் போகிற ரப்பர் ஓஸைத் தடவிக்கொண்டே போய், கிளாம்பைத் தளர்த்தி அதைப் பிடுங்கினார். ஓஸின் வாயில், கருப்புத் தோல்போல ஏதோ ஒன்று இறுக்கமாக மூடியிருந்தது. நகத்தால் சுரண்டி உரித்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார். மடித்த துணி. அதற்கு மேல் இன்னொரு மடிப்புத் துணி.

"அண்ணாச்சி, வண்டிக்கு எங்கயும் காயம் பட்டுச்சா? பேண்டேஜ் போட்டுருக்கீங்க."

எங்கள் பக்கத்துத் தறிகளில் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். கழிவுத் துணி எல்லார் வீட்டிலும் கிடக்கும். காபி வடிகட்ட, தயிர்ச்சட்டி மூட, ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். எதை மூட வேண்டுமென்றாலும் எங்கள் ஊர்க்காரர் கை முதலில் அந்தத் துணிக்குத்தான் போகும். பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. பங்குனி, சித்திரையில் தோப்பு ஓரத்து இலவமரங்களில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். பாதை முழுக்க வெள்ளையாக மிதக்கும். அந்தப் பஞ்சு இஞ்சினுக்குள் போய்விடக்கூடாது என்று அவர் இதை வைத்திருக்கிறார். போன வருடம் ஒன்று. அதை மறந்து, இந்த வருடம் அதற்கு மேலேயே இன்னொன்று. எண்ணெயும் தூசியும் ஏறி ஏறி, துணி அடையாகிவிட்டது. காற்றுப் போதாமல், குடித்த டீசலை எரிக்க முடியாமல், ஜீப் புகையாகக் கக்கியிருக்கிறது. நாலாவது கியரில் இழுக்காததும் அதனால்தான் என்று மெக்கானிக் என் மகனிடம் சொன்னார்.

"யாருப்பா இதை வச்சது?" என்று மகன் கேட்டான்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல யோசிக்கிற முகம் இல்லை அது. யார் வீட்டுப் பொருளையோ பார்ப்பதுபோல அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓஸைக் கழற்றியது அவர் கை, துணியை மடித்தது அவர் கை. ஒன்றும் அவருக்கு நினைவில்லை. "எனக்குத் தெரியலையேலே" என்று அவருக்கு வாய்வரை வந்துவிட்டது. மகன் அதற்காகத்தான் காத்திருந்தான்.

"நாந்தான் வைக்கச் சொன்னேன்" என்றேன்.

ஷெட்டில் எல்லாரும் திரும்பினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "பஞ்சு பறக்குதேன்னு நாந்தான் துணியக் குடுத்து வைக்கச் சொன்னேன். அவிய வேண்டாம்னுதான் சொன்னாவ. நாந்தான் கேக்கல."

"சரிதான் மதினி" என்று மெக்கானிக் சிரித்தார். "வண்டிக்கும் காபி வடிகட்டிக் குடுத்துருக்கீங்க."

"ஏம்மா, உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்" என்று மகனும் சிரித்தான். அவன் சிரித்ததில் எனக்கு மூச்சு வந்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து கிளாம்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

வரும்போது அவர்தான் ஓட்டினார். ஊர் எல்லை தாண்டியதும் நாலாவது கியர் போட்டார். ஜீப் பழைய ஜீப்பாக ஓடியது. பின்னால் புகை இல்லை. மகன் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, மம்சாபுரத்துக்காரருக்குப் போன் போட்டு, இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை என்று சொன்னான்.

அவன் கோயம்புத்தூர் போனபிறகு நாங்கள் தோப்புக்குப் போனோம். ஆற்றங்கரையில் ஜீப்பை நிறுத்தி, இஞ்சினையும் அணைத்துவிட்டார். அவர் அப்படிச் செய்ததே இல்லை.

"துணிய நாந்தான வச்சேன்?"

"ஆமா."

"நீ பாத்தியா?"

"அடுப்படிக்கு வந்து கேட்டீங்க. கை துடைக்கன்னு நெனச்சுக் கிழிச்சுக் குடுத்தேன்."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் தெரியலட்டி. தொடச்சு எடுத்த மாதிரி இருக்கு." பிறகு சொன்னார். "இனிமே நான் எங்கயாவது பாதை தெரியாம முழிச்சா நீ சொல்லணும். சும்மா இருந்துராத."

"நான் எப்படிச் சொல்ல?"

"அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னல்ல. அப்படிச் சொல்லு."

அதற்குப் பிறகும் மாங்காய் வந்தது, போனது, மறுபடி வந்தது. அவர்தான் ஓட்டினார். திருப்பம் வரும் முன்பே நான், "அந்தப் புளிய மரம் காய்ச்சிருக்கு பாத்தீங்களா" என்பதுபோல ஏதாவது சொல்வேன். அவரும் திருப்புவார். மெயின்ரோட்டுப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவேன்.

கடைசியில் ஒருநாள் ஆற்றுக்குள் இறங்கும் முன் நிறுத்தினார். எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் மணல் என்று தெரியவில்லை போலிருக்கிறது. நான் வாயைத் திறக்கும் முன்பே சாவியைத் திருகி எடுத்து என் மடியில் வைத்தார். "போதும்ட்டி" என்றார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. தோப்புக் காவலுக்கு இருந்தவரைக் கூப்பிட்டு, வீடுவரை ஓட்டிவரச் சொன்னோம். மகனுக்கு அவரே போன் செய்து, மம்சாபுரத்து ஆள் இன்னும் கேட்கிறாரா என்று விசாரித்தார்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் டவுன் பஸ்தான். அவரை ஜன்னல் ஓரம் உட்கார வைப்பேன். ஒருநாள் பஸ் போகிறபோது என் காதருகில் குனிந்து, "கிளட்ச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுதான் பாரு. டீசல் என்னத்துக்கு ஆகும்" என்றார்.

"போயிச் சொல்லுங்க" என்றேன்.

"நீ போயிச் சொல்லு. நீதான் இப்ப பேசுத ஆளு."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.